கை அச்சு இயந்திரத்தைச் செம்மை செய்யும் முறை: ஆட்டத்தை எடுங்கள், அழுத்தம் தானே வரும்

பழைய கை அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அழுத்தம் பத்தவில்லை, கைப்பிடியில் பைப்பு மாட்டி நீளமாக்கலாமா?” வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். நம் கை கொடுக்கும் விசை இந்த இயந்திரங்களுக்குத் தாராளமாகப் போதும். அது எழுத்தின் முகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தேய்ந்த பின்னில் (மூட்டுகளைக் கோக்கும் உலோகத் தண்டு) கொஞ்சம், கோணலான பிளாட்டனில் (தாளை எழுத்தின்மேல் அழுத்தும் தட்டு) கொஞ்சம், மெத்தென்று அடுக்கிய தாளில் கொஞ்சம் என்று வழியிலேயே கரைந்துவிடுகிறது. அந்த இழப்பை ஒவ்வோர் இடமாகத் தேடி அடைத்தால் பழைய இயந்திரம் புதிது போல அடிக்கும். கைப்பிடியை நீட்டினால் ஒரு நாள் வார்ப்பிரும்புக் கரம் விரிசல் விடும். அப்படிக் கரம் முறிந்து என் மேசைக்கு வந்த இயந்திரங்களில் அச்சடிக்கும் பரப்பு அத்தனையும் பழுதில்லாமல் இருந்ததைப் பார்க்கும்போது மனது கனக்கும்.

இங்கே நான் சொல்லப்போவது முக்கியமாக, மேசைமேல் வைத்துக் கைப்பிடியை இறக்கி அச்சடிக்கும் அடானா, கெல்சி வகைச் சிறு பிளாட்டன் இயந்திரங்களுக்கு. ஆல்பியன், வாஷிங்டன் போன்ற பெரிய இரும்புக் கை அச்சுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை கடைசியில் வரும்.

பழைய இயந்திரக்காரர்கள் எதைத் திருத்தினார்கள் என்று தெரிந்துகொண்டால் நம் வேலையின் திசை பிடிபடும். மர அச்சில் திருகைச் சுற்றித்தான் பிளாட்டனை இறக்க வேண்டும். அந்தப் பிளாட்டன் ஃபாரத்தில் (பூட்டி வைத்த எழுத்துத் தொகுப்பு) பாதியைத்தான் மூடும், ஆகவே ஒரு பக்கம் அடிக்க இரண்டு இழுப்பு. 1800 வாக்கில் ஸ்டான்ஹோப் பிரபு முழு இரும்புச் சட்டத்தில் பெரிய பிளாட்டனை வைத்து ஒரே இழுப்பில் முடித்தார். திருகை அவர் விடவில்லை. திருகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே கூட்டு நெம்புகோலைச் சேர்த்தார். தொடக்கத்தில் பிளாட்டன் வேகமாக இறங்கும், கடைசிச் சிறு தூரத்தில் விசை பெருகும். அவருடைய முதல் சட்டங்கள் பல விரிசல் விட்டன, பிறகு பக்கவாட்டைத் தடித்து வளைவாக வார்த்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் கிளைமர் 1813 வாக்கில் கொலம்பியன் அச்சில் திருகையே தூக்கி எறிந்துவிட்டு நெம்புகோல்களால் வேலையை முடித்தார். லண்டனில் கோப் உருவாக்கிய ஆல்பியனும், 1821இல் சாமுவேல் ரஸ்ட் காப்புரிமை பெற்ற வாஷிங்டன் அச்சும் முழங்கால் போல மடங்கி நிமிரும் மடங்கு மூட்டின் வழியைப் பிடித்தன. இவர்களில் யாரும் அச்சடிப்பவரை இன்னும் பலமாக இழுக்கச் சொல்லவில்லை. குறைந்த இழுப்பில், ஒவ்வொரு முறையும் பிளாட்டன் அதே இடத்தில் வந்து நிற்க வழி தேடினார்கள். நாமும் அதையே தேடுவோம்.

கழற்றுவதற்கு முன்

ஒவ்வொரு இணைப்பையும் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துரு பிடித்த மரைகளில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு நாள் அப்படியே விடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர வைத்துத் தேய்க்காதீர்கள், நனைத்துத் துடையுங்கள். ஈய எழுத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

மரை விஷயத்தில் பொறுமை தேவை. பிரிட்டனில் செய்த பழைய இயந்திரங்களில் விட்வொர்த் மரை இருக்கும், அதன் பல்லின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரைக்கு 60 பாகை. சில அளவுகளில் மெட்ரிக் போல்ட் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போவது போலவே இருக்கும், அதற்குமேல் வலுக்கட்டாயமாகத் திருகினால் வார்ப்பிரும்பின் மரை பொடிந்துவிடும். மரை அளக்கும் கேஜ் ஒன்று கையில் இருக்கட்டும்.

வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இழுவையையும் வளைவையும் தாங்காது. சுத்தியலால் அடித்து எதையும் விடுவிக்காதீர்கள். ஒரே இடத்தில் சூடு காட்டாதீர்கள், பக்கத்தில் குளிர்ந்திருக்கும் இரும்பு இழுத்து வெடிப்பு விடும்.

ஆட்டம் எங்கே இருக்கிறது

கையால் ஆட்டிப் பார்த்தால் எல்லா மூட்டும் கொஞ்சம் ஆடுவதாகத்தான் தெரியும். எது உண்மையில் தேய்ந்தது என்று கண்டுபிடிக்க எண்ணெய் உதவும். எல்லா மூட்டுகளையும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பின்னின் ஓரத்திலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் வையுங்கள். விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் பிடியுங்கள். கைப்பிடியைப் பாதி இறக்கி, அந்த இடத்திலேயே மேலும் கீழும் விரல் அளவுக்கு மெல்ல அசையுங்கள். நல்ல மூட்டில் எண்ணெய் வளையம் அசையாமல் பளபளவென்று நிற்கும். தேய்ந்த மூட்டில் அந்த வளையம் ஒரு பக்கம் உள்ளே உறிஞ்சப்பட்டு மறு பக்கம் பிதுங்கி வரும், அசைவைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் பிதுங்கும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தை அந்த எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். பிதுங்கும் மூட்டுகளுக்குச் சாக்பீஸால் குறி போடுங்கள். நான் பார்த்தவரை பிளாட்டன் கீலும், பக்கக் கரங்கள் பிளாட்டனைப் பிடிக்கும் இடமும்தான் முதலில் தேய்கின்றன. கைப்பிடி மூட்டு ஆடினால் அச்சுக்குப் பெரிய கேடு இல்லை. கீல் ஆடினால் ஒரு தாளில் இருப்பது போல மறு தாளில் இருக்காது.

பின்னும் புஷ்ஷும்

குறி போட்ட மூட்டின் பின்னைக் கழற்றி மைக்ரோமீட்டரால் இரண்டு இடத்தில் அளங்கள்: தேயாத முனையில் ஒன்று, பளபளத்துக் குழிந்த நடுவில் ஒன்று. வித்தியாசம் 0.1 மி.மீ.க்கு மேல் போனால் பின்னை மாற்றிவிடுவேன். கிரைண்ட் செய்த எஃகுத் தண்டிலிருந்து அதே விட்டத்தில் ஒரு பின் கடைந்து போட்டாலே பாதி இயந்திரங்கள் சரியாகிவிடும்.

துளையும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புஷ் (துளைக்குள் இறக்கும் உலோக வளையம்) போட வேண்டும். இங்கேதான் கடைசல்காரருக்கு நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நீள்வட்டத்தின் நடுவை மையமாக வைத்துத் துளையைப் பெரிதாக்கக் கூடாது. தேய்மானம் சுமை விழும் பக்கத்தில் மட்டும் நடந்திருக்கும், ஆகவே பழைய மையம் தேயாத வளைவின் மையம். அந்தத் தேயாத வளைவைத் தொட்டு மையம் பிடித்துத் துளையிட்டால்தான் பிளாட்டன் தன் பழைய இடத்துக்கு வரும். இடது, வலது இரண்டு துளைகளையும் ஒரே பிடிப்பில், ஒரே நேர்கோட்டில் ரீம் செய்ய (துளையை நுட்பமாகச் சீவி அளவாக்க) வேண்டும். தனித்தனியாகச் செய்தால் பின் இறுகும், அல்லது பிளாட்டன் முறுக்கிக்கொண்டு மூடும்.

12 மி.மீ. பின்னுக்கு வெளிவிட்டம் 16 மி.மீ. உள்ள பாஸ்பர் வெண்கலப் புஷ் பொருத்தமாக இருக்கும். துளையைச் சுற்றி மீதமிருக்கும் வார்ப்பிரும்பு 6 மி.மீ.க்குக் குறையும் என்றால் நான் புஷ் போட மாட்டேன், துளையை மட்டும் வட்டமாக்கிக் கொஞ்சம் பெரிய பின் போடுவேன். புஷ்ஷை அடித்து இறக்காதீர்கள். நீண்ட போல்ட், இரண்டு வாஷர், ஒரு நட் வைத்து இழுத்து இறக்குங்கள். உள்ளே போனதும் புஷ்ஷின் உள்விட்டம் சற்றுச் சுருங்கும், அதனால் கடைசி ரீமிங்கை இறக்கிய பிறகுதான் செய்ய வேண்டும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே 0.03 முதல் 0.05 மி.மீ. இடைவெளி போதும்.

எஃகுப் புஷ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தேய வேண்டிய பொருள் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். வெண்கலம் தேயட்டும், பின்னும் கரமும் பிழைக்கும்.

எண்ணெய்த் துளை இல்லாத மூட்டுகளுக்கு 3 மி.மீ. துளை ஒன்று போட்டுக்கொடுங்கள். அழுத்தம் விழும் பக்கத்தில் போட்டால் எண்ணெய்ப் படலம் அங்கேயே உடையும், ஆகவே எதிர்ப்பக்கத்தில் போடுங்கள். துளையில் கம்பளி நூல் துண்டைத் திணித்துவைத்தால் தூசி போகாது, எண்ணெயும் மெல்லக் கசியும். எஸ்.ஏ.ஈ 30 தரத்தில், டிடர்ஜென்ட் சேர்க்கை இல்லாத எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது. கிரீஸ் வேண்டாம், அது காகிதத் தூசியைப் பிடித்து அரைக்கும் பசையாக மாறிவிடும்.

பிளாட்டனை இணையாக்குவது

ஆட்டம் போன பிறகுதான் இதைத் தொடலாம். ஆட்டம் இருக்கும்போது, பிளாட்டனின் சாய்வை அமைக்கும் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்தது இரண்டு தாளுக்குமேல் தாங்காது.

சிறு பிளாட்டன் இயந்திரத்தில் பிளாட்டன் கீழே கீலில் ஊன்றி, மேலே வந்து, எழுத்தைத் தாங்கும் பெட்டுடன் மூடுகிறது. அப்படி மூடும் இரண்டு பரப்புகள் ஒரே ஒரு தடிமனில்தான் சரியாக இணையாக இருக்கும். அதைவிடத் தடித்த பேக்கிங் (அச்சடிக்கும் தாளுக்குப் பின்னால் பிளாட்டனில் கட்டும் தாளடுக்கு) வைத்தால் கீல் பக்கம் முதலில் முட்டும், மெல்லியதாக வைத்தால் மேல் பக்கம்தான் முட்டும். இது ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழ்வரி ஆழமாக அழுந்தி மேல்வரி வெளிறினால் பேக்கிங்கில் ஒரு தாளை எடுங்கள், மேல்வரி அழுந்தினால் ஒன்றைச் சேருங்கள். ஸ்க்ரூவைத் தேடிப் போக வேண்டாம்.

ஆனால் ஸ்க்ரூக்களை முதலில் ஒரு முறை ஒழுங்காக அமைத்துவிட வேண்டும். எழுத்தைப் பூட்டும் இரும்புச் சட்டமான சேஸின் நாலு மூலையிலும் ஒரே அளவு, ஒரே எழுத்தாக நாலு பெரிய எழுத்துகளை வைத்துப் பூட்டுங்கள். 48 பாயின்ட் போல அகலமான முகம் நல்லது. பூட்டுவதற்கு முன் எழுத்தின் உயரத்தை அளந்துவிடுங்கள். பிரிட்டன், அமெரிக்க எழுத்துகளின் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.317 மி.மீ. பிரெஞ்சு உயரம் 23.56 மி.மீ. இரண்டும் கலந்த ஃபாரத்தில் கால் மி.மீ. ஏற்ற இறக்கம் இருக்கும், அதை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது. ஃபோட்டோபாலிமர் பிளேட்டில் அடிப்பவர்கள் அடித்தட்டு, பிளேட், ஒட்டும் தாள் மூன்றையும் சேர்த்து அளந்து அதே 23.317ஐக் கொண்டுவர வேண்டும்.

எழுத்தைச் சேஸில் இறுக்கும் ஆப்பான கோயினை அளவுக்கு மீறி இறுக்கினால் சேஸே வில்லாக வளைந்து நடு எழும்பும். நேர்விளிம்பை எழுத்துகளின்மேல் வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் வழக்கமாக வைக்கும் பேக்கிங்கைப் பிளாட்டனில் கட்டுங்கள். மை வேண்டாம். மெல்லிய தாளில் நாலு பட்டை வெட்டி நாலு எழுத்தின் மேலும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, இயந்திரத்தை மூடிக் கைப்பிடியைக் கட்டிவைத்துவிட்டுப் பட்டைகளை இழுத்துப் பாருங்கள். கை சொல்லும்: ஒன்று வழுக்கி வரும், ஒன்று பிடிக்கும். முதலில் கீழ் இரண்டையும் ஒன்றுக்கொன்று சமமாக்குங்கள், பிறகு மேல் இரண்டை, கடைசியில் மேலையும் கீழையும். சில இயந்திரங்களில் ஸ்க்ரூ பிளாட்டனுக்குப் பின்னால் இருக்கும், சிலவற்றில் பெட்டுக்குப் பின்னால். எங்கே இருந்தாலும் எட்டில் ஒரு சுற்றுக்குமேல் ஒரே நேரத்தில் திருகாதீர்கள். எம்8 சாதாரண மரையின் இடைவெளி 1.25 மி.மீ., ஆகவே எட்டில் ஒரு சுற்று என்பது 0.156 மி.மீ. சாதாரணத் தாள் ஒன்றின் தடிமனே 0.1 மி.மீ.தான், அதைவிட இது அதிகம். இதனால்தான் ஸ்க்ரூ தேய்ந்துபோன மெட்ரிக் இயந்திரங்களில் 1 மி.மீ. நுண்மரை ஸ்க்ரூவுக்கு மாற்றித் தருகிறேன். எட்டில் ஒரு சுற்று 0.125 மி.மீ. ஆகிவிடும். ஸ்க்ரூத் தலையில் எட்டுக் கோடு குத்தி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் எவ்வளவு திருகினோம் என்பது கண்ணுக்குத் தெரியும். பழைய மரை ஒழுங்காக இருந்தால் அதை மாற்றத் தேவையில்லை, லாக் நட் மட்டும் புதிதாகப் போடுங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுழலும். ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு இறுக்கி, பட்டையை மறுபடி இழுத்துப் பாருங்கள்.

பேக்கிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மர அச்சுக் காலத்தில் பிளாட்டன் சமதளமாக இல்லாததால் கம்பளித் துணி வைத்து அடித்தார்கள். கம்பளி எழுத்தின் தோள்வரை (முகத்தைச் சுற்றியுள்ள தாழ்ந்த பகுதி) மடங்கி இறங்கும், நிறைய விசையை விழுங்கும். இரும்புப் பிளாட்டனுக்கு அது தேவையில்லை. எண்ணெய்த் தாள் ஒன்று, கெட்டியான அழுத்த அட்டை (பிரஸ்போர்டு) ஒன்று, நடுவே இரண்டு மூன்று தாள் போதும். பஞ்சு மாதிரி அடுக்கியதை எடுத்துவிட்டுக் கெட்டி அட்டை வைத்த உடனே “அழுத்தம் கூடிவிட்டதே” என்று பலர் வியப்பார்கள். கூடவில்லை, முன்பு பஞ்சு தின்றுகொண்டிருந்தது இப்போது எழுத்துக்குப் போகிறது.

தாளில் குழி விழுமளவு அடிக்க விரும்புபவர்கள் சிறு இயந்திரத்தில் சிறு ஃபாரம் வைத்துக்கொள்ளுங்கள். நீளமும் அகலமும் இரட்டித்தால் மை படும் பரப்பு நாலு மடங்காகும், அதே இழுப்பில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கிடைப்பது கால் பங்குதான். நிரப்பிய கட்டங்களையும் மெல்லிய எழுத்துகளையும் இரண்டு தடவையாகப் பிரித்து அடியுங்கள். மெத்தென்ற பருத்தித் தாளைச் சற்று ஈரமாக்கி அடித்தாலும் குழி நன்றாக விழும். இயந்திரத்தின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள்.

ரோலர்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

அழுத்தக் குறை என்று கொண்டுவரப்படும் அச்சுகளில் பெரும்பகுதி மைக் குறை. எழுத்தின் ஓரத்தில் மை கூடி நடு வெளிறியிருந்தால், அல்லது எழுத்தின் கண்களுக்குள் (மூடிய வளைவுகளுக்குள்) மை அடைத்திருந்தால், பிளாட்டனை விட்டுவிட்டு ரோலருக்குப் போங்கள்.

மை பூசும் ரோலரின் இரு முனையிலும் உள்ள சக்கரங்கள் பக்கத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. ரோலர் எழுத்தின்மேல் வழுக்காமல் உருள வேண்டும் என்றால் சக்கரத்தின் விட்டமும் ரோலரின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரோலர் 32, சக்கரம் 31 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் சக்கரம் 97.4 மி.மீ. நகரும், ரோலரின் மேற்பரப்போ 100.5 மி.மீ. சுழலும். 200 மி.மீ. ஓட்டத்தில் 6 மி.மீ.க்கு மேல் வழுக்கியிருக்கும். அவ்வளவு தூரமும் மை எழுத்தின் ஓரத்தில் வழித்து அப்பப்படுகிறது. ரோலர் பழசாகிச் சுருங்கினால் எதிர்த்திசையில் அதே கதை. வெர்னியரை எடுத்து இரண்டையும் அளங்கள், ரோலரை நடுவிலும் இரு முனையிலும் அளங்கள்.

பசையும் கிளிசரினும் சேர்த்து வார்த்த பழைய வகை ரோலர்கள் வெப்பத்தில் இளகும், ஈரக்காற்றில் ஊதும். அவற்றை வைத்திருப்பவர்கள் சக்கரத்தை மாற்றி மாற்றிக் களைத்துப் போவார்கள். ரப்பர் அல்லது பாலியூரித்தேன் ரோலருக்கு மாறுவது இந்த இயந்திரங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம். கடினம், ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் 20 முதல் 30க்குள் இருக்கட்டும். அதற்குமேல் போனால் ரோலர் எழுத்தைத் தொட மறுக்கும், தாண்டிக் குதிக்கும். சக்கரத்தை அசெட்டல் பிளாஸ்டிக்கில் கடைந்து போட்டால் சத்தமும் குறையும், தண்டவாளமும் தேயாது.

அடுத்தது உயரம். இதற்கு ஒரு கேஜ் செய்துகொள்ளுங்கள்: சரியாக 23.317 மி.மீ. தடிமனுள்ள சிறு உலோக வட்டு, அதன் பக்கவாட்டில் ஒரு கம்பிக் கைப்பிடி. ரோலருக்கு மெல்லிய மை கொடுத்து, சேஸ் இல்லாத பெட்டின்மேல் இந்த வட்டை வைத்து ரோலருக்கு அடியில் நகர்த்துங்கள். வெளியே எடுத்தால் வட்டின்மேல் ஒரு மைக் கோடு இருக்கும். அந்தக் கோட்டின் அகலம்தான் எல்லாம். 2 முதல் 3 மி.மீ. இருந்தால் ரோலர் எழுத்தை முத்தமிட்டுப் போகிறது. 6 மி.மீ. அகலம் என்றால் உழுதுகொண்டு போகிறது. கோடே விழவில்லை என்றால் மை படவில்லை. இடது, நடு, வலது, மேல், கீழ் என்று எல்லா இடத்திலும் எடுத்து, ஒரு தாளில் பெட்டின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் அகலத்தை எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் தண்டவாளம் எங்கே தேய்ந்திருக்கிறது என்பது வரைபடம் போலத் தெரியும். தண்டவாளத்தின் நடுப்பகுதி தேய்ந்து, முனைகள் அப்படியே இருப்பது சகஜம். அப்போது நடுவில் கோடு அகலமாகவும் முனைகளில் மெல்லியதாகவும் விழும்.

தேய்ந்த தண்டவாளத்தை உயர்த்தப் பாலிஎதிலின் நாடா ஒட்டுவது நல்ல வழி. 0.25 மி.மீ. தடிமனில் கிடைப்பதை முதலில் தேய்ந்த இடத்தில் மட்டும் ஒட்டி, அதன்மேல் முழு நீளத்துக்கும் இன்னொன்று ஒட்டுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் கேஜால் பாருங்கள். ஒட்டுவதற்கு முன் தண்டவாளத்தில் எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக் கூடாது. நாடாவின் மேல் முனையை மடக்கிப் பின்பக்கம் ஒட்டிவிட்டால் சக்கரம் ஏறும்போது உரிந்து வராது. எண்ணெய் தண்டவாளத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் உருளாமல் வழுக்கினால் செய்த வேலை எல்லாம் வீண்.

ரோலரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளை ஜோடியாகவே மாற்றுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று போட்டால் ஒரு பக்கம் தூக்கும். வேலை முடிந்ததும் ரோலரை மைத்தட்டின்மேல் நிறுத்திவைக்காதீர்கள், கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். தட்டின்மேல் நின்ற இடம் தட்டையாகிவிட்டால் எந்தக் கேஜும் உதவாது.

மைத்தட்டு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ராட்செட் (ஒரு திசையில் மட்டும் சுழலும் பல்சக்கரம்) பல்லைத் தள்ளும் நாக்கின் முனை மழுங்கியிருக்கும். அரத்தால் முனையைக் கூராக்கி, ஸ்பிரிங்கை மாற்றினால் முடிந்தது.

பெரிய இரும்புக் கை அச்சுக்கு

ஆல்பியன், வாஷிங்டன் போன்றவற்றில் மடங்கு மூட்டு முழங்கால் போல நிமிர்ந்து பிளாட்டனை அழுத்துகிறது. கால் மடங்கியிருக்கும்போது பலம் குறைவு, நிமிர நிமிர மிகும். கணக்காகப் பார்ப்போம். 150 மி.மீ. நீளத்தில் இரண்டு கரங்கள், முட்டில் நம் இழுப்பு. கரங்கள் நேர்கோட்டிலிருந்து 5 பாகை சாய்ந்திருக்கும்போது நம் இழுப்பு சுமார் 5.7 மடங்காகிப் பிளாட்டனில் இறங்கும். 2 பாகையில் 14 மடங்கு, 1 பாகையில் சுமார் 29 மடங்கு. உராய்வைக் கழித்தால் இது கொஞ்சம் குறையும், விகிதம் இதுதான். இப்போது தூரத்தைப் பாருங்கள். 5 பாகையில் பிளாட்டன் இன்னும் 1.14 மி.மீ. இறங்க வேண்டியிருக்கிறது, 2 பாகையில் மீதம் 0.18 மி.மீ. மட்டும். இரண்டு தாளின் தடிமன்!

ஆகவே பேக்கிங் ஒரு மி.மீ. அதிகமாக இருந்தால், பலம் வருவதற்கு முன்பே எழுத்து முட்டிக்கொள்ளும். இழுப்பவர் தொங்குவார், கைப்பிடி கடைசிவரை வராது. உடனே “அழுத்தம் பத்தவில்லை” என்று இன்னும் தாள் சேர்ப்பார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: தாளை எடுங்கள். கைப்பிடி முழுதும் வந்து நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் எழுத்து முட்ட வேண்டும். ஆல்பியனில் இதைச் சரிசெய்ய ஆப்பும் திருகும் உண்டு. தாளால் பருமட்டாக அமைத்து, ஆப்பால் நுட்பமாக அமையுங்கள். மூட்டின் முனைகள் தேய்ந்து 0.5 மி.மீ. ஆட்டம் இருந்தால் என்ன ஆகும் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அந்த முனைகளைக் கடினப்படுத்திய எஃகில் புதிதாகச் செய்வது செலவான வேலைதான், ஆனால் செய்யத் தகுந்தது.

இழுத்துவிட்ட பிறகு பிளாட்டன் மந்தமாக எழும்பினால் ஆல்பியனில் தலைப்பகுதி ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கொலம்பியனில் ஸ்பிரிங் வேலையை எதிரெடைகள் செய்கின்றன. உச்சியில் இருக்கும் கழுகும் அந்த எடையின் பங்குதான், அழகுக்கென்று எண்ணிக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

பெட் ஓடிவரும் வண்டியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஃபாரத்தின் நடு பிளாட்டனின் நடுவுக்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். பத்து மி.மீ. முன்பின் நின்றாலும் பிளாட்டன் ஒரு பக்கம் சாய்ந்து அழுத்தும், நாளடைவில் அதன் வழிகாட்டிகள் தேயும். வண்டியை இழுக்கும் பட்டை தொய்ந்திருந்தால் அதை நைலான் பட்டையாக மாற்றுங்கள். தண்டவாளக் கடைசியில் லாக் நட்டோடு ஒரு நிறுத்து போல்ட் பொருத்தி, நடு சரியாக வரும் இடத்தில் பூட்டுங்கள். ஒரு மணி நேர வேலை. அதன் பலன் ஒவ்வொரு தாளிலும் தெரியும்.

சரிபார்ப்பு

எல்லாம் முடிந்ததும் அந்த நாலு மூலை எழுத்தையே மையிட்டு அடியுங்கள். தாளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைத் திருப்பிச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள், நாலு மூலையிலும் புடைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். தொடர்ந்து ஒரு கட்டுத் தாள் அடித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். எழுத்து நகர்ந்திருந்தால் தாள் நிறுத்தும் ஊசியையோ தாளைப் பிடிக்கும் கிரிப்பரையோ பாருங்கள், அவை சரி என்றால் கீலுக்குத் திரும்பிப் போங்கள். சிறு குறை மிச்சமிருந்தால் இனி ஸ்க்ரூவைத் தொடாமல் மெல்லிய டிஷ்யூத் தாளைக் கிழித்து, அந்த இடத்துக்கு நேராகப் பேக்கிங்குக்கு அடியில் ஒட்டுங்கள்.

லாக் நட்டுகளை மறுநாள் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், புதிய புஷ்கள் சற்று உட்கார்ந்திருக்கும். இணையாக அமைந்த அந்தப் பேக்கிங்கின் மொத்தத் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து, இயந்திரத்தின் அடிப்பலகையில் அழியாத மையால் எழுதிவையுங்கள். அடுத்த வேலைக்கு வேறு தாள் வரும்போது அந்த எண்ணிலிருந்து தொடங்கினால் போதும்.